காட்டெருமை நக்கிய படிகள்

அருவருப்புப்படுவதற்கே மாதச் சம்பளம் வாங்குகிற ஆள் குன்னூரில் யார் என்று கேட்டால் அருள்ராஜைத்தான் கைகாட்ட வேண்டும். தேயிலை ஏலத் தரகர் கம்பெனி ஒன்றில் அவர் டீ டேஸ்டர். மேஜை நெடுக வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறை திடுக்கிடும் சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் உருட்டி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு, "புகை", "மெஷின் ஆயில்", "மூட்டைக்குப் பக்கத்துல எவனோ பினாயில் டப்பா வெச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு தப்பியதில்லை.

சாயங்காலம் குடையை ஆபீஸில் விட்டுவிட்டு வரலாம், மூக்கை விட்டுவிட்டு வர முடியாது என்பதுதான் கஷ்டம். அது வீட்டுக்கும் கூடவே வந்தது. ஈரத் துண்டு, நேற்று வைத்த சாம்பார், மழைக்காலத்து பீரோ, பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் தலையெண்ணெய், எல்லாவற்றுக்கும் முகம் கோணும். மனைவி லோயிஸ் போடும் டீயையும் முதல் வாய் உறிஞ்சி வாஷ்பேசினில் துப்பிவிட்டு, "பால் லேசா அடிப்புடிச்சிருக்கு" என்பார்.

"நாள் பூராத் துப்பறது உங்க தொழிலு, சரி. ஊட்டுல ஒரு வாய் முழுங்கினா என்னங்க கொறைஞ்சு போவீங்க?" என்பாள் லோயிஸ்.

அவர்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருந்தது. ரோட்டோரத்திலிருந்து சிமென்ட் படிகள் ஒரு பக்கம் தேயிலைச் செடியும் மறுபக்கம் தடுப்புச் சுவருமாக இறங்கி, வீட்டு வாசலில் வந்து முடியும். ஜூனில் போன வெயில் அந்தப் படிகளுக்குத் திரும்பி வர ஜனவரி ஆகும். நடுவில் பாசிதான் குடியிருக்கும். முதலில் பச்சை நிழல் மாதிரி தெரியும். பிறகு வெல்வெட் மாதிரி ஆகும். கடைசியில் சளி. அதன்மேல் நத்தை ஊர்ந்த பிசின் கோடு, நெளியும் அட்டை, மழையில் ஊறிக் கறுத்த இலை. அருள்ராஜ் பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, சேற்றில் வந்து மாட்டிக்கொண்ட கொக்கு மாதிரி இறங்குவார்.

பல வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் லோயிஸ்தான் குந்தி உட்கார்ந்து, தென்னந்துடைப்பமும் ப்ளீச்சிங் பவுடருமாக அந்தப் படிகளைத் தேய்த்தாள். அந்த நேரத்தில் அருள்ராஜ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார், ப்ளீச்சிங் பவுடர் நெடி நாக்குக்கு ஆகாது என்று. போன வருஷத்தோடு லோயிஸின் முழங்கால் இனி குந்த முடியாது என்று சொல்லிவிட்டது. பாசி எதையும் சொல்லவில்லை, வளர்ந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் பால் பாக்கெட்டோடு இறங்கும்போது லோயிஸ் வழுக்கினாள். பாதிப் படியிலிருந்து வாசல்வரை உருண்டு வந்ததில் கணுக்கால் முறிந்தது. ஒரு செருப்பு காலோடு இருந்தது. இன்னொன்று எங்கே பறந்தது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அருள்ராஜின் வாயிலிருந்து முதலில் வந்தது, "பாத்து வரக் கூடாதா?"

அதற்கப்புறம் பதறினார், அழுதார், ரோட்டுவரை தூக்கிக்கொண்டு போனார். எல்லாம் செய்தார். ஆனால் முதலில் வந்தது அந்த மூன்று வார்த்தை. மாவுக்கட்டோடு மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போன லோயிஸ், துணிமணியோடு அந்த மூன்று வார்த்தையையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தாள்.

"என்ர செருப்பைத் தேடினீங்களா?" என்று போனில் கேட்பாள்.

"தேடினேன் லோயிசு. காணோம்."

"எங்க தேடினீங்க?"

"மேலாப்புல."

"ஆமா, கீழ குனிஞ்சா மூக்கு தேஞ்சு போயிரும்."

கட்டுப் பிரித்து, நடந்து பழகி, அக்டோபரில் ஒரு புதன்கிழமை அவள் கூப்பிட்டாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் அருள்ராஜை உட்கார்ந்த இடத்திலிருந்து எழ வைத்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரொனால்டு காருல வாரேன். ரோட்டுல நின்னு படியைப் பாப்பேன். பாசி இருந்துச்சுன்னா கால் வெக்க மாட்டேன், அப்படியே திரும்பிருவேன். இங்க காரமடை ரோட்டுல ஒரு கீழ்ஊடு வாடகைக்கு இருக்குது. படியே கெடையாது. அட்வான்ஸ் குடுத்தறலாம்னு ரொனால்டு சொல்றாப்ல. நீங்களும் வர்றதுன்னா வாங்க."

ரொனால்ட் தங்கை கணவர். நல்ல மனுஷர், எல்லாருக்கும் வீடு பார்த்துக் கொடுப்பதில் பிரியம். மேட்டுப்பாளையத்தை நினைத்ததுமே அருள்ராஜின் மூக்குக்கு உருளைக்கிழங்கு மண்டியின் அழுகல் வாடை எட்டியது. முதுகு வேர்த்தது. ஆனால் அதையெல்லாம்விட மோசமான வாடை ஒன்று இரண்டு மாதமாக இந்த வீட்டிலேயே அடித்துக்கொண்டிருந்தது: லோயிஸ் இல்லாத சமையலறையின் வாடை. ஒன்றுமே அடிக்காத வாடை. அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சரி, பாக்கலாம்" என்றார்.

போனில் வீடியோ தேடினார். ஒரு பெண்மணி பாசித் தரையில் கல்லுப்பைத் தூவினார். பாசி சுருண்டது. தொடவேண்டாம், தேய்க்கவேண்டாம், மோந்து பார்க்கவேண்டாம். தமக்காகவே எடுத்த வீடியோ என்று அருள்ராஜுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மூட்டைக் கல்லுப்பு வாங்கி, மூக்கில் கைக்குட்டை கட்டி, முறத்தால் படி படியாக வீசினார். படியெல்லாம் பனி பெய்த மாதிரி வெளுத்தது. நிம்மதியாகப் படுத்தார்.

அந்தப் பெண்மணி எந்த ஊர்க்காரரோ, அவர் ஊரில் காட்டெருமை இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே யாரோ உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்ப்பது போலச் சத்தம் கேட்டது. திரையை விலக்கினார். படியில் ஒரு கொம்பன் காட்டெருமை நின்றது. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். சொரசொரப்பான நாக்கை நீட்டி நீட்டிச் சிமென்ட்டை நக்கியது. நக்கிவிட்டுச் சப்புக்கொட்டியது. உறிஞ்சும் முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, தொழில்காரராக அருள்ராஜ் அதை ஒத்துக்கொண்டார். ஒரு படி மிச்சம் வைக்காமல் நக்கி முடித்து, ரோட்டைப் பார்க்கத் திரும்பி, வாலைத் தூக்கி, விருந்துக்கு நன்றி சொன்னது.

அந்த நன்றியின் அளவை அருள்ராஜ் வாழ்நாளில் மறக்கமாட்டார். பெரிய அண்டாவில் கீரை கடைந்து அப்படியே கவிழ்த்த மாதிரி மேல்படியில் விழுந்து, அடுத்த படிக்கு வழிந்து, அங்கிருந்து அதற்கடுத்த படிக்கு இழைந்தது. ஆவி பறந்தது. போதாதென்று வாசல்வரை ஒரு தடவை இறங்கி, ஏறிப் போகும் வழியில் கால்களால் அதையே மிதித்து, பாசியோடு பிசைந்து, எல்லாப் படிக்கும் பங்கு வைத்துவிட்டுப் போனது. முதல் ஈ வந்தது. அது போய்ச் சொந்தபந்தத்தைக் கூட்டி வந்தது. அருள்ராஜ் ஜன்னலைச் சாத்தினார். வாடை கண்ணாடி வழியாகவும் வந்தது.

தடுப்புச் சுவருக்கு மேல் பக்கத்து வீடு. அங்கே துணி காயப்போட வந்த ஹபீபுன்னிசா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், உப்புக் கிப்புப் போட்டீங்களா?"

"பாசிக்குப் போட்டேங்க."

"அல்லாவே! இந்த ஊர்ல இருந்துக்கிட்டுக் காட்டெருமைக்கு எல விரிச்சுட்டீங்களே. கொஞ்சம் ஊறுகாயும் மோரும் வெச்சிருந்தா கை கழுவிட்டுப் போயிருக்கும்." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். "நாளைக்கா லோயிஸ்க்கா வருது? தவ்பீக்கிட்டப் போங்க. கார் கழுவுற மெஷின் வெச்சிருக்கானில்ல, அதுல அடிச்சா சிமென்ட்டு புதுசாயிரும்."

தவ்பீக் ஹபீபுன்னிசாவின் மகன். கட்டபெட்டு போகும் ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ் ஷெட் வைத்திருந்தான். ஆயில், சேறு, பெட்ரோல், ஈரக் கால்மிதி என்று அந்த ஷெட்டில் அருள்ராஜின் மூக்கு ஒரே மூச்சில் பலதையும் பிரித்துச் சொன்னது.

"சின்ன மெஷின் ஒண்ணு இருக்குது அங்கிள், ஊட்டுக் கரெண்ட்லயே ஓடும்," என்றான் தவ்பீக். "நாளைக்குக் கூடலூர்ல கல்யாணம், இல்லாட்டி நானே வந்து அடிச்சுக் குடுத்துருவேன். கவனமாக் கேட்டுக்கங்க. மொதல்ல தண்ணியத் தொறந்து, துப்பாக்கி மாதிரி இருக்கிற இந்தக் கன்னை அமுக்கிப் புடிச்சு, உள்ள இருக்கிற காத்து எல்லாம் போகோணும். அப்பறம்தான் சுவிட்சு. சாணியை மண்வெட்டில வழிச்சு எடுத்துட்டு அடிங்க. முனைல மாட்டுற நாசில் நாலு கலர்ல இருக்கும், வெள்ளைய மாட்டுங்க. அது விசிறி மாதிரி அகலமா அடிக்கும். செவப்பைத் தொடவே தொடாதீங்க, அது ஊசி மாதிரி, தோலைக் கிழிச்சுரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில போடாதீங்க, உசரத்துல மாட்டுங்க. அப்பறம் இது…"

அவன் ஒரு ஜோடி ரப்பர் கம்பூட்ஸையும், கையுறையையும், கண்ணாடியையும் நீட்டினான். அந்த நொடியில் அதுவரை கேட்டதில் பாதி அருள்ராஜின் தலையிலிருந்து கழன்றுவிட்டது. பூட்ஸுக்குள் யாருடையதோ ஈரக் காலுறை ஒன்று சுருண்டு கிடந்தது. கையுறையின் உள்பக்கம் ஈரம். கண்ணாடியின் பட்டையில் பல தலைகளின் எண்ணெய் பிசுபிசுத்தது.

"வேண்டாம்பா. என்கிட்ட இருக்குது," என்றார். அவரிடம் இருந்தது ஒரு ரப்பர் செருப்பு.

"செருப்போட அடிக்காதீங்க அங்கிள்."

"இல்லப்பா, இல்லப்பா."

தவ்பீக் அவர் முகத்தைப் பார்த்தான். "சரி, எதுக்கும் இதை அம்மாகிட்டக் குடுத்து வெக்கறேன்" என்று பையில் போட்டுக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அருள்ராஜ் சர்ச்சுக்குப் போகவில்லை. ஆண்டவர் நிலைமையைப் புரிந்துகொள்வார் என்று நம்பினார். பிளக் பாயின்ட் வாசலுக்கு உள்பக்கம் இருந்ததால் மெஷினை வாசலில் வைத்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாசல் தரையில் போட்டார். கூரைத் தண்ணீர் நிரம்பிய சின்டெக்ஸிலிருந்து குழாயை மாட்டினார். மண்வெட்டியால் சாணி வழிப்பது என்றால் அதன் பக்கத்தில் போகவேண்டும், குனியவேண்டும். மெஷின் இருக்கும்போது எதற்கு? தண்ணீரே அடித்துக்கொண்டு போகட்டும். நாசில்கள் நான்கையும் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். தவ்பீக் ஒரு கலரை மட்டும் அழுத்திச் சொன்னது நினைவிருந்தது. எந்தக் கலர் என்பது நினைவிருந்தது. தொடு என்றானா, தொடாதே என்றானா என்பதுதான் பூட்ஸ் வாடையில் அடித்துப் போயிருந்தது. இவ்வளவு சாணிக்கு வெள்ளை போதாது என்று தோன்றியது. சிவப்பை மாட்டினார்.

வாசலை ஒட்டிய கடைசிப் படியில் கெட்டியான ஒரு குவியல் இருந்தது. அதற்கு ஒரு சாண் தூரத்தில் நுனியைக் காட்டி, முகத்தைச் சுளித்து, "சீ" என்று சொல்ல வாயைத் திறந்தபடி அமுக்கினார்.

அடுத்து நடந்தது கண் இமைக்கும் நேரத்தில். ஊசியாகப் போன தண்ணீர் குவியலைத் துளைத்து, சிமென்ட்டில் மோதி, குவியலோடு சேர்ந்து திரும்பி வந்தது. மூக்குக் கண்ணாடியில், நெற்றியில், காதுக்குள், சட்டைக் காலருக்குள், எல்லாவற்றுக்கும் மேலாகத் திறந்திருந்த வாய்க்குள். மேலே ஹபீபுன்னிசா காயப்போட்டிருந்த வெள்ளைப் போர்வைக்கும் தப்பவில்லை.

பழக்கம் பொல்லாதது. இருபத்தைந்து வருஷமாக வாயில் வந்ததையெல்லாம் உருட்டிப் பார்த்த நாக்கு, எஜமானைக் கேட்காமலே இதையும் உருட்டிப் பார்த்தது. முதலில் காட்டுப் புல். நடுவில் புளித்த ஊறல். கடைசியில் உப்பு. அது அவரே போட்ட உப்பு.

துப்பினார். துப்பத் துப்ப உள்ளே போன மாதிரிதான் இருந்தது. கண் எரிந்தது. ஒரு கையால் முகத்தை வழித்தார். அத்தனை நேரமும் இன்னொரு கை கன்னை விடாமல் அமுக்கியே பிடித்திருந்தது. தண்ணீர் ஊசி தரையில் கோடு கிழித்துக்கொண்டு அவர் காலை நோக்கி வந்தது. இடது செருப்பு படக்கென்று துள்ளியது.

கையை விட்டார். சத்தம் நின்றது.

செருப்பின் ஓரம் கத்தியால் சீவிய மாதிரி போயிருந்தது. வார் தெறித்துக் கிடந்தது. அதற்கு அடுத்து சுண்டுவிரல், முழுசாக. படியில் பாசியைத் தாண்டிச் சிமென்ட்டிலேயே ஒரு வெள்ளைக் கீறல். அருள்ராஜ் சாணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தாம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

"சார்!" மேலிருந்து ஹபீபுன்னிசா அலறினார். "சார், தண்ணி! பாக்ஸ்!"

திரும்பினார். வாசலோரத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு, பச்சையும் பழுப்புமாகக் குழம்பு மேலேறி, நிலைப்படியைத் தொட்டு, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து பிடுங்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க! ஈரக் கை! மெயினை ஆஃப் பண்ணுங்க மெயினை!"

மெயின் சுவிட்ச் பக்கவாட்டுச் சுவரில், மீட்டர் பெட்டியில், ஈரம் படாத உயரத்தில் இருந்தது. செருப்பில்லாத ஒரு காலோடு சுற்றிக்கொண்டு ஓடி, மூலையில் கிடந்த காய்ந்த துடைப்பக் கட்டையை எடுத்து, அதைக் கொண்டு சுவிட்சைத் தட்டிக் கீழே இறக்கினார். அது லோயிஸின் துடைப்பம். போன வருஷத்திலிருந்து யாரும் தொடாதது. மெஷினின் சிவப்பு விளக்கு அணைந்தது. குழம்பு நிதானமாக வந்து பாக்ஸை மூடியது.

அப்போதுதான் ரோட்டில் கார் ஹாரன் கேட்டது. மத்தியானம் என்றவள் காலையிலேயே வந்துவிட்டாள்.

ரோட்டு விளிம்பில், கைத்தடியை ஊன்றி லோயிஸ் நின்றாள். பின்னால் ரொனால்ட். ஹபீபுன்னிசாவும் போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று பேரும் கீழே பார்த்தார்கள். கீழே தலைமுதல் கால்வரை ஒரே நிறத்தில் ஒரு உருவம் நின்றது.

"அது யாருங்க்கா?" என்றாள் லோயிஸ், ஹபீபுன்னிசாவிடம்.

"சார்தான். உப்புப் போட்டாரு, காட்டெருமை வந்து நக்கிட்டுப் போட்டுட்டுப் போயிருச்சு. அதை மெஷின்ல அடிச்சாரு. அது திருப்பி அடிச்சிருச்சு."

லோயிஸ் அந்த உருவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"பாத்து அடிக்கக் கூடாதா?"

அருள்ராஜ் வாயைத் திறந்தார். திறந்தால் என்ன உள்ளே போகும் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

"சகலை, விடுங்க, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார் ரொனால்ட். "அந்தக் காரமடை ரோட்டு ஊட்டுக்கு இன்னைக்கே சொல்லிரலாம். மார்பிள் தரை."

"இல்லீங்க சகலை," என்றார் அருள்ராஜ். "நானே கழுவி முடிக்கறேன். லோயிசு, நீ கொஞ்சம் இரு. போயிறாதே."

லோயிஸ் தடியால் வாசலைக் காட்டினாள். "மொதல்ல அந்தச் சாக்கடையத் தொறங்க. இல்லாட்டி மேல அடிக்கிறதெல்லாம் ஊட்டுக்குள்ளதான் போகும்."

"ஒரு கம்பி எடுத்து…"

"கம்பி உள்ள தள்ளிரும். கையை உடுங்க. நான் கையைத்தான் உடுவேன்."

அருள்ராஜ் சாக்கடை ஓரம் மண்டியிட்டார். குழம்பின் மேல் ஒரு நத்தை நிம்மதியாக மிதந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. உள்ளே எல்லாமே வழுக்கியது. நூல்நூலாகச் சுற்றியது முடி என்று தெரிந்தது. கொழகொழவென்று ஒன்று விரலிடுக்கில் பிதுங்கியது, அதை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாம் என்று நாக்கையும் மூக்கையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஊறிப்போன டீத்தூள் கட்டியாக வந்தது. தாம் இத்தனை வருஷம் தீர்ப்புச் சொல்லித் துப்பிய டீயெல்லாம் வாஷ்பேசின் வழியாக இங்கேதான் வந்துகொண்டிருந்தது என்பது அந்த நிலையில்தான் உறைத்தது. இன்னும் ஆழத்தில் வளைவில் ஏதோ கெட்டியாகச் சிக்கியிருந்தது. பிடித்து இழுத்தார். வரவில்லை. தோள்வரை விட்டு, கன்னம் தரையில் பதிய, திருகி இழுத்தார்.

பெரிய ஏப்பம் மாதிரிச் சத்தத்தோடு சாக்கடை திறந்தது. குழம்பு மொத்தமும் சுழித்துக்கொண்டு இறங்கியது. அவர் கையில் கறுப்பாக, சொட்டிக்கொண்டு ஒன்று தொங்கியது. நத்தை ஒன்று அதில் குடித்தனமே வைத்திருந்தது.

ஒரு செருப்பு. வலது கால்.

அருள்ராஜ் எழுந்து, அதைச் சின்டெக்ஸ் குழாயடிக்குக் கொண்டுபோய், நத்தையைத் தேயிலைச் செடியில் எடுத்து வைத்துவிட்டு, செருப்பை வெறுங்கையால் தேய்த்துக் கழுவினார். வாரின் அடியில், குதிகால் பள்ளத்தில், ஒவ்வொரு இடுக்கிலும் நகத்தை விட்டுக் கழுவினார். கழுவி முடித்து, மேலே தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"இப்பத்தான் கீழாப்புல தேடறீங்க," என்றாள் லோயிஸ். தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ம்… நிக்காதீங்க. மேல இருந்து கீழ அடிச்சுட்டு வரோணும். கீழ இருந்து ஆரம்பிச்சா கழுவின படிலயே திரும்பி வந்து விழும். இது கூடத் தெரியாம இத்தனை வருசம் ஜன்னல் வழியா என்னத்தைப் பாத்தீங்க?"

ஜன்னலைச் சாத்தியிருந்தேன் என்று அருள்ராஜ் சொல்லவில்லை.

ஹபீபுன்னிசா தடுப்புச் சுவருக்கு மேலிருந்து, மகன் கொடுத்து வைத்திருந்த பையை நீட்டினார். பூட்ஸ், கையுறை, கண்ணாடி. உள்ளே சுருண்டிருந்த ஈரக் காலுறையும் அப்படியே இருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலை விட்டார். யாருடையதோ ஈரம் அவர் விரல்களை அன்போடு அணைத்துக்கொண்டது. சாக்கடைக்குள் தோள்வரை போய் வந்தவருக்கு அதுகூடப் பரவாயில்லை போல இருந்தது. அதுதான் அவருக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

மண்வெட்டியால் முதலில் சாணியை வழித்துத் தேயிலைச் செடியடியில் போட்டார். "அதுக்கு நல்ல உரம்" என்றாள் லோயிஸ் மேலிருந்து. நனைந்த பாக்ஸைக் கழற்றித் தூரப் போட்டார். ஹபீபுன்னிசா தம் வீட்டு ஜன்னல் கம்பியில் உயரத்தில் ஒரு வயரைக் கட்டி, அங்கிருந்து கரெண்ட் கொடுத்தார். தண்ணீரைத் திறந்து, கன்னை அமுக்கி, புஸ்ஸென்று காற்று போனபின் சுவிட்சைப் போடச் சொன்னார் அருள்ராஜ். வெள்ளை நாசில். நுனிக்கும் படிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மேல்படி, லோயிஸின் தடி ஊன்றியிருந்த இடத்துக்கு நேர் கீழே.

விசிறியாக விரிந்த தண்ணீர் பச்சையைச் சுரண்டிக்கொண்டு போனது. சளியும் இலையும் அட்டையும் ஒன்றாகச் சுருண்டு கீழ்ப்படிக்கு ஓடின. அருள்ராஜ் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கையை நிதானமாக நகர்த்தினார். சாம்பல் நிறச் சிமென்ட் வெளியே வந்தது. எப்போதோ கொத்தனார் வழுக்காமலிருக்கக் கிழித்த குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அப்படிக் கோடுகள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அந்த மூலை," என்றாள் லோயிஸ்.

மூலை.

"சொவத்துப் பக்கம் விட்டுட்டீங்க."

சுவர்ப் பக்கம்.

"சொவத்துல அடிக்காதீங்க, கல்லுக்கு நடுவுல இருக்கிற மண்ணு போயிரும். படிய மட்டும்."

படியை மட்டும். கழுவிய படியில் நின்று, அடுத்த படியைக் கழுவி, அதில் இறங்கி நின்று, அதற்கடுத்ததைக் கழுவினார். ரொனால்ட் ரோட்டில் போனில் யாரிடமோ, "இல்லைங்க, இன்னும் முடிவாகல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹபீபுன்னிசா லோயிஸுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். வெயில் ஒரு தடவை மேகத்தைக் கிழித்து எட்டிப் பார்த்துவிட்டு, வாடை தாங்காமல் போனது.

வாசல்வரை வந்து முடித்ததும் சுவிட்சை அணைக்கச் சொல்லி, கன்னை மறுபடி ஒரு தடவை அமுக்கி மிச்சத் தண்ணீரை வெளியே விட்டார். பிறகு மேலே ஏறி வந்தார். பாதியில் நின்று, பூட்ஸ் காலை அழுத்தித் திருகிப் பார்த்தார். வழுக்கவில்லை. மேல்படிக்கு ஒரு படி கீழே நின்று கையை நீட்டினார். பிறகு தம் கையைப் பார்த்துவிட்டு, பின்னுக்கு இழுத்துச் சட்டையில் துடைத்தார். சட்டை கையைவிட மோசமாக இருந்தது.

லோயிஸ் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் அவர் தோளைப் பிடித்தாள். முறிந்த காலை முதலில் வைத்தாள். நின்றாள். முழுப் பாரத்தையும் அதில் இறக்கினாள். அருள்ராஜ் மூச்சு விடவில்லை. இந்தத் தடவை காரணம் வேறு.

ஒவ்வொரு படியாக, அவர் பின்பக்கமாக இறங்க, அவள் முன்பக்கமாக இறங்கினாள். வாசலில் வந்து நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ரொனால்டு!" என்று குரல் கொடுத்தாள். "பைய எடுத்துட்டு வாப்பா. பயப்படாம வா, வழுக்காது."

ரொனால்ட் பையைக் கொண்டுவந்து வைத்தார். மூச்சு வாங்க, "அப்ப அட்வான்ஸ்…" என்றார்.

"மொதல்ல உக்காருப்பா. டீ குடி."

அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். மேலாக, செய்தித்தாளில் சுற்றி, ஒரு செருப்பு இருந்தது. இடது கால். துடைத்துச் சுத்தமாக. கழுவிய வலதுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.

"ஒத்தச் செருப்பை எதுக்கு அங்கயும் இங்கயும் தூக்கிட்டுத் திரியறேன்னு தங்கச்சி கேட்டா," என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு குனிந்து வலதை மோந்து பார்த்தாள். "இன்னொருக்காக் கழுவுங்க."

அருள்ராஜை வீட்டுக்குள் விடவில்லை. பின்பக்கத்தில் இரண்டு பக்கெட் சுடுதண்ணீரும் துணி சோப்பும் கொடுத்தாள். மூன்றாவது சோப்பு போட்டும் காதுக்குள் ஏதோ இருந்தது. துவைத்த லுங்கியோடு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தபோது, லோயிஸ் ஒரு டம்ளர் டீயை நீட்டினாள்.

அவர் வாங்கினார். பழக்கப்படி சத்தத்தோடு உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். லோயிஸ் இடுப்பில் கை வைத்து, வாஷ்பேசினையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அருள்ராஜ் விழுங்கினார்.

"என்னங்க, தீர்ப்பு ஒண்ணும் காணோம்?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"லேசா சாணி வாசம் அடிக்குது."

"அது டீ இல்லீங்க," என்றாள் லோயிஸ். "நீங்க."